‘நோயாளிக்கு விருப்பமில்லை’ என்று எழுதியிருந்தது

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தசரா விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்த வாரம் அது. மைசூரில் எனக்கு அறுவை சிகிச்சை நடந்த தனியார் மருத்துவமனைக்கு, ‘வேலைக்குப் போகலாம்’ என்று ஒரு சான்றிதழ் வாங்குவதற்காகத் தனியாகப் போயிருந்தேன். போன காரியம் பத்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அன்று என் ஃபைலில் நான் படித்த ஒரு வரியை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உயர்நிலைப் பள்ளியில் இருபத்து நான்கு வருடமாகக் கணக்கு டீச்சர். கணவர் ரயில்வே அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் புனேயில் வேலை பார்க்கிறாள். வீடு மைசூரிலேயே ஹெப்பாள் பக்கம். காலையில் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும் சாலையில், அவற்றுக்கு நடுவே சிட்டி பஸ்ஸைப் பிடித்துப் பள்ளிக்குப் போவதுதான் என் வாழ்க்கை.

அந்த வருடம் இரண்டாவது மாடியில் இருக்கும் பத்தாம் வகுப்புக்கு ஏறுவதற்குள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. மலத்தில் அவ்வப்போது ரத்தம் போனது. மூலம்தான் என்று நானே முடிவு கட்டி மாதக்கணக்கில் கீரையும் மோருமாக ஓட்டினேன். ஒருநாள் கரும்பலகைக்கு முன்னாலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். ரத்தப் பரிசோதனை, குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தது என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, கடைசியில் பெருங்குடலில் புற்றுநோய் என்றார்கள். இரண்டாம் நிலை. செப்டம்பர் தொடக்கத்தில் அறுவை சிகிச்சை செய்து, கட்டி இருந்த குடல் பகுதியை எடுத்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னிடமே சொன்னார்: கட்டியைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், அதில் சில புரதங்கள் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பார்கள், அதை வைத்து மேற்கொண்டு மருந்து வேண்டுமா என்று முடிவு செய்யலாம். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏனென்றால் இரண்டு வாரம் கழித்து நானே கணவரிடம் கேட்டேன்.

“ஏங்க, அந்த ரிப்போர்ட் வந்துச்சா?”

“வந்துடுச்சும்மா. எல்லாம் நார்மல். மருந்து ஒண்ணும் வேண்டாம்னுட்டாங்க. நீ நல்லாச் சாப்பிட்டு ரெஸ்ட் எடு, போதும்.”

நம்பினேன். முப்பது வருடம் கூட வாழ்ந்த மனிதர் சொன்னதை நம்பாமல் என்ன செய்வது?

அதற்குப் பிறகுதான் எல்லோரும் என்னிடம் ரொம்ப நல்லவர்களாக மாறினார்கள். வாரம் ஒருமுறை பேசும் மகள் தினமும் பேசினாள். பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் என் தம்பி, வருடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பவன், மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து வந்தான். நாங்கள் போகும் ஜெபக்கூட்டத்தில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “கர்த்தர் உங்களைக் கைவிட மாட்டார் டீச்சர்” என்று விம்மினார். அவரைத் தேற்றி அனுப்பியது நான்தான். பள்ளியில் இருந்து தலைமையாசிரியை போன் செய்து, பத்தாம் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டதாகவும், நான் அவசரப்பட்டு வரவேண்டாம் என்றும் சொன்னார். ஐந்து வாரத்தில் வந்துவிடுவேன் என்று சொன்னவளிடம் இதென்ன பேச்சு என்று எரிச்சலாக வந்தது. சான்றிதழோடு போய் நின்றால் வகுப்பைத் திருப்பிக் கேட்கலாம் என்றுதான் அன்று கிளம்பினேன். கணவர் அன்று நஞ்சன்கூட்டில் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார். அவர் ஊரில் இருந்திருந்தால் என்னைத் தனியாக விட்டிருக்கவே மாட்டார்.

வெளிநோயாளிகள் கவுண்டரில் இருந்த நர்ஸை எனக்குத் தெரியும். வார்டில் இருந்தபோது நான் தமிழில் பேசுவதைக் கேட்டு வந்து பேசியவர். தமிழ்நாட்டு எல்லையோரம், ஹனூர் பக்கம் ராமாபுரத்துக்காரர், நாற்பத்தைந்து வயது இருக்கும்.

“ஏனுங் டீச்சர், தனியாவா வந்தீங்க? சார் வரலீங்களா?”

வரவில்லை என்றேன். ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு உள்ளே போய் என் ஃபைலை எடுத்து வந்தார். வழக்கமாக அதை ஆள் மூலமாக டாக்டர் அறைக்கு அனுப்பிவிடுவார்கள், அல்லது கூட வந்தவர் கையில் கொடுப்பார்கள். அன்று என் கையில் கொடுத்தார்.

“டாக்டரு வர்றதுக்கு அரை மணி ஆகுமுங்க. அந்த ஓரமா ஃபேனுக்குக் கீழ உக்காந்து ஒருக்கா பாத்துட்டு இருங்க.”

“நான் பாக்கலாமா சிஸ்டர்?”

“உங்க உடம்பப் பத்தின காயிதமுங்க. நீங்க பாக்காம வேற யாரு பாக்கறது?”

சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

உட்கார்ந்து புரட்டினேன். அறுவை சிகிச்சைக் குறிப்புகள், ரத்தப் பரிசோதனைகள், பிறகு அந்தப் புரதச் சோதனையின் ரிப்போர்ட். எனக்கு உயிரியல் அவ்வளவாக வராது. ஆனால் இருக்க வேண்டிய ஒரு புரதம் ‘இல்லை’ என்று குறித்து, நோய் திரும்ப வரும் அபாயம் அதிகம் உள்ள பிரிவு என்று எழுதியிருந்தது புரிந்தது. அதற்கு அடுத்த வரியில், இப்படிப்பட்டவர்களுக்குக் கீமோதெரபி பலன் தர வாய்ப்பு உண்டு, பரிசீலிக்கவும் என்று இருந்தது. அடுத்த தாளில் டாக்டரின் கையெழுத்து. கீமோ பரிந்துரைக்கப்பட்டது. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. தமிழில் சொன்னால், ‘நோயாளிக்கு விருப்பமில்லை.’ அதன் கீழே என் கணவரின் கையெழுத்து.

எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. முதலில் வேறு யாருடைய தாளோ இதில் சேர்ந்துவிட்டது என்றுகூட நினைத்து, மேலே இருந்த பெயரையும் வயதையும் சரிபார்த்தேன். என் பெயர்தான். என் வயதுதான். தேதி மூன்று வாரத்துக்கு முந்தையது. அன்று நான் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். அரையாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் தயாரித்துக்கொண்டிருந்தேன். நான் அதைச் செய்துகொண்டிருந்த நேரத்தில் எனக்கு உயிர் வாழ விருப்பமில்லை என்கிற மாதிரி இங்கே ஒருவர் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்.

டாக்டர் வந்ததும் சான்றிதழைப் பற்றிப் பேசவே இல்லை. அவர் கன்னடக்காரர், நாங்கள் பேசியது கன்னடத்தில். “கூத்கொள்ளி” என்று நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. ஃபைலைத் திறந்து அந்த வரியில் விரலை வைத்தேன்.

“இதை நான் எப்ப சொன்னேன் டாக்டர்?”

அவர் படித்துப் பார்த்தார். “உங்க கணவர் வந்திருந்தார். உங்ககிட்டப் பேசிட்டதாவும், நீங்க வேண்டாம்னு சொல்லிட்டதாவும் சொன்னார்.”

“நீங்க என்கிட்டக் கேட்டீங்களா?”

“ஃபேமிலி வந்து சொன்னா நாங்க நம்புறோம் மேடம். இங்க எல்லா இடத்துலயும் அப்படித்தான்.”

எனக்கு எங்கிருந்து குரல் வந்தது என்று தெரியவில்லை. வெளியில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு வந்தது.

“ஆபரேஷனுக்கு முன்னாடி எத்தனை இடத்துல என் கையெழுத்து வாங்கினீங்க! பல்செட் இருக்கா, மெட்டி கழட்டியாச்சா, காலையில தண்ணி குடிச்சீங்களான்னு எல்லாம் என்கிட்டதானே கேட்டீங்க? இதுக்கு மட்டும் நான் எங்க போயிருந்தேன்? போன் பண்ணியிருந்தா எடுத்திருக்க மாட்டேனா?”

நியாயமாகச் சொல்ல வேண்டும், அவர் என்னை அடக்க முயலவில்லை. “தப்புதான்” என்றார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்து எனக்குச் சொல்லித்தந்தார். குடலின் செல்களில் சாதாரணமாக இருக்கும் ஒரு புரதம் என் கட்டியில் இல்லை. அப்படி இல்லாதவர்களுக்கு, அறுவை சிகிச்சை நன்றாக நடந்திருந்தாலும் நோய் திரும்ப வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதே ஆட்களுக்குத்தான் கீமோ கொடுத்தால் பலன் கிடைக்கும் வாய்ப்பும் அதிகம்.

“வந்தே தீரும்னு அர்த்தம் இல்லை” என்றார்.

“தெரியும் டாக்டர். நிகழ்தகவு என் பாடம். பத்தாவது பசங்களுக்கே அது புரியுது.”

அந்த இடத்தில்தான் எனக்கு அழுகை வந்தது. பைக்குள் இருக்கும் சிவப்புப் பந்து, நீலப் பந்து என்று வருடா வருடம் இந்தக் கணக்கை நடத்தியவள் நான். கூட்டத்தில் எத்தனை பேருக்கு வரும் என்று சொல்லலாம், அந்தக் கூட்டத்தில் நான் எந்த ஆள் என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. இதைப் புரிந்துகொள்ளும் தகுதி எங்கள் வீட்டில் வேறு யாரையும்விட எனக்குத்தான் இருந்தது. அந்த எனக்குத்தான் ரிப்போர்ட்டைக் காட்டவில்லை.

“இனிமே ஆரம்பிக்கலாமா?” என்று கேட்டேன்.

அறுவை முடிந்து இது ஆறாவது வாரம், எட்டு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது, அதற்குமேல் தள்ளிப்போகப் போகப் பலன் குறையும் என்றார். இரண்டு வாரம்தான் மிச்சம். இன்னும் ஒரு மாதம் கழித்துச் சான்றிதழ் வாங்க வந்திருந்தால்?

“அந்த வரியை அடிச்சிட்டு எழுதுங்க” என்றேன். அவர் பேனாவை எடுத்து அதன் மேல் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் இட்டார். கீழே புதிதாக எழுதியதில் நான் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும் அந்த நர்ஸிடம் போய் நின்றேன். அவர் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, “நானு ஒண்ணும் சொல்லலீங்களே டீச்சர். ஃபைலத்தானுங் குடுத்தேன்” என்றார். வேலை போய்விடும் என்ற பயம் அவருக்கு இருந்திருக்கும். இருந்தும் கொடுத்தார்.

கணவர் மத்தியானம் நஞ்சன்கூட்டு ரயிலில் திரும்பி வந்தார். ரிப்போர்ட்டின் நகலைச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்திருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் அதைப் பார்த்தபடி நின்றார்.

“யாரு குடுத்தா உனக்கு?”

முதல் கேள்வி அதுதான். எனக்கு அதில்தான் கோபம் தலைக்கு ஏறியது.

“யாரு குடுத்தாங்கறதா இப்ப கேள்வி? எனக்குக் கீமோ வேண்டாம்னு நான் எப்பங்க உங்ககிட்ட சொன்னேன்?”

அவர் உட்கார்ந்தார். பதிவு செய்யும்போது கொடுத்தது அவர் போன் நம்பர் என்பதால் ரிப்போர்ட் அவருக்கு வந்திருக்கிறது. அதைத் தம்பிக்கு அனுப்பியிருக்கிறார். தம்பி இணையத்தில் தேடி, ‘அபாயம் அதிகம்’ என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று முடிவு கட்டியிருக்கிறான். மகளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஜெபக்கூட்டத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள். அங்கிருந்து தலைமையாசிரியைக்குப் போயிருக்கிறது. இருக்கிற நாளில் நிம்மதியாக இருக்கட்டும் என்று எல்லோரும் சேர்ந்து எனக்காகத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். அடுத்த வரியில் வழி எழுதியிருந்ததை ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

“நீ தாங்க மாட்டே” என்றார் கணவர். “எங்க அக்கா பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். கீமோ கீமோன்னு கடைசி வரைக்கும் வாந்தி எடுத்தே போய்ச் சேர்ந்தா. உனக்கும் அது வேணுமா?”

“வேணுமா வேண்டாமான்னு என்கிட்டக் கேக்கறதுக்கு என்னங்க?”

“கேட்டா பயந்திருப்பே.”

“பயந்துட்டுப் போறேன்! பயப்படக்கூட எனக்கு உரிமை இல்லையா?”

தம்பிக்குப் போன் போட்டேன். “அக்கா, நாங்க உன் நல்லதுக்குத்தான்… கடைசிக் காலத்துல குவாலிட்டி ஆஃப் லைஃப்னு ஒண்ணு இருக்கு இல்ல…” என்று இழுத்தான்.

“யாரோட லைஃப்டா?” என்றேன். வைத்துவிட்டேன்.

அப்போதுதான் கணவர் அதைச் சொன்னார். கோபமாக அல்ல, களைத்துப்போய்ச் சொன்னார். “அக்காவுக்கு மட்டும் நாம சொன்னோமா? கீமோவையே அல்சருக்கு மருந்துன்னுதானே ஏத்தினோம். அன்னிக்கு அல்சர்னு அவகிட்ட சொன்னது யாரு? நீதானே.”

உண்மைதான். அவருடைய அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். படுக்கையில் விழுந்த பிறகு ஒரு மத்தியானம், வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, “எனக்கு என்னன்னு உனக்குத் தெரியுமா? நீ பொய் சொல்ல மாட்டே” என்று கேட்டார். “ஒண்ணுமில்ல அண்ணி, அல்சர்தான்” என்று சொல்லி, ஆரஞ்சு உரித்துக் கையில் கொடுத்தேன். அவர் அதைச் சாப்பிடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு என்னிடம் எதையும் கேட்கவில்லை. அதை நான் கருணை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று, என் சாப்பாட்டு மேஜைக்கு முன்னால் நின்றபோதுதான், அந்த முதுகு எனக்குச் சொன்னது என்ன என்று விளங்கியது.

அதனால் என் கோபம் குறைந்தது என்று நினைக்காதீர்கள். நான் கோபப்பட வேண்டியவர்களில் நானும் சேர்ந்தேன், அவ்வளவுதான்.

ஏழாவது வாரத்தில் கீமோ தொடங்கியது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை கையில் டிரிப், நடுவில் மாத்திரைகள். சுகமாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். குளிர்ந்த தண்ணீர் தொண்டையில் ஊசியாய்க் குத்தும். ஃபிரிட்ஜின் கைப்பிடியைத் தொட்டால் ஷாக் அடித்த மாதிரி விரல்கள் சுருங்கும். ரவிக்கைக்கு ஹூக் போட முடியாமல் நின்று அழுதிருக்கிறேன். வாந்தி வந்தது, வாய் புண்ணானது. ஆனால் தாங்கினேன். கணவர் ஒவ்வொரு முறையும் கூட வந்தார். ‘மன்னித்துவிடு’ என்று அவர் இதுவரை சொன்னதில்லை. ஆனால் முதல் நாள் கவுண்டரில், நான் கேட்காமலே, “என் நம்பரை எடுத்துட்டு இவங்க நம்பரைப் போடுங்க. எதுவா இருந்தாலும் இவங்ககிட்டயே சொல்லுங்க” என்று நின்று மாற்ற வைத்தார். மாற்றியதைத் திரையில் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகுதான் நகர்ந்தார்.

ஜெபக்கூட்டத்துக்கும் போனேன். முடியெல்லாம் மெலிந்து, கையுறை போட்டுக்கொண்டு போய், எல்லோர் முன்பும் சொன்னேன்: “எனக்காக ஜெபம் பண்ணுங்க. ஆனா எனக்கு என்னன்னு முதல்ல எனக்குச் சொல்லிட்டுப் பண்ணுங்க.” சிலர் முகம் சுளித்தார்கள். நல்லெண்ணத்தில் செய்தவர்களை நான் அவமானப்படுத்திவிட்டதாகப் பிறகு பேச்சு வந்தது. பேசட்டும். பத்தாம் வகுப்பு அந்த வருடம் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் கேட்டு வாங்கினேன்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் சி.இ.ஏ. என்ற இன்னொரு புரதத்தின் அளவைப் பார்க்கிறார்கள். அது ஏறினால் நோய் திரும்பியிருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். இதுவரை ஏறவில்லை. கீமோதான் என்னைக் காப்பாற்றியதா, அது இல்லாமலும் நான் நன்றாக இருந்திருப்பேனா என்று எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. நாளைக்கு அந்த அளவு ஏறவும் செய்யலாம். கணக்கு டீச்சருக்கு அதை ஏற்றுக்கொள்வதில் சிரமம் இல்லை.

சிரமமாக இருப்பது வேறொன்று. ஒவ்வொரு முறையும் லேபில் ரிப்போர்ட் உறையை வாங்கப் போகும்போது, “அட்டெண்டர் யாரும் வரலையா மேடம்?” என்று கேட்கிறார்கள். கூட வருபவர் என்று அதற்கு அர்த்தம். ஆனால் நம் ஆஸ்பத்திரிகளில் நோயாளி படுத்திருப்பவர், அட்டெண்டர் முடிவெடுப்பவர். போன மாதம் எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மாவைத் தாண்டி, பின்னால் நின்ற அவர் மருமகனிடம் உறையை நீட்டினார்கள். “அவங்க பேர்லதானே இருக்கு? அவங்க கையில குடுங்க” என்றேன். மருமகன் என்னை முறைத்தார். அந்த அம்மா உறையை வாங்கி, பிரிக்காமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

எனக்கு வரப்போவது எதுவாக இருந்தாலும் அதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவள் நான்தான் என்ற இந்தச் சின்ன விஷயத்தை, ஐம்பத்திரண்டு வயதில் சண்டை போட்டு வாங்க வேண்டியிருந்ததே என்கிற கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. தீர்ந்துவிடக் கூடாது என்றுதான் நினைக்கிறேன்.